டான் எட்வர்ட்ஸ் சரணாலயத்தில் ஓட்டப்பயிற்சி: எந்தத் தடம், எந்த நேரம்?

புதுஓடி
வணக்கம். கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குப் பக்கம், ஃப்ரீமாண்டுக்குப் பக்கத்தில் உள்ள நியூவர்க்குக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். பிப்ரவரியில் ஓர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மிஷன் பீக் போங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் மலை ஏறி இறங்கினால் மறுநாள் முட்டி என்னிடம் கணக்குக் கேட்கிறது. டம்பார்ட்டன் பாலத்துக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் தண்ணீராகத் தெரியுமே, அந்த டான் எட்வர்ட்ஸ் வனவுயிர்ச் சரணாலயம் வீட்டுக்குக் கிட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே ஓட விடுவார்களா? சமதரையா? பெண் தனியாக ஓடலாமா? வார இறுதியில் 8 முதல் 10 மைல் வரை ஓடத் தோதான பாதை வேண்டும்.

மெதுவோடி
வாங்க வாங்க. ஓட விடுவார்கள், கட்டணமும் கிடையாது. அநேகமாக முழுக்கச் சமதரை. ஏனென்றால் உப்பளத்துக்காகப் போட்ட மண்கரைகளின் மேல்தான் ஓடப்போகிறீர்கள்.

பார்வையாளர் மையம் மார்ஷ்லண்ட்ஸ் ரோட்டில், பாலத்தின் சுங்கச்சாவடிக்குத் தெற்கே, ஒரு சின்னக் குன்றின் மேல் இருக்கிறது. அங்கே காரை விட்டுவிடலாம். குன்றை ஒட்டிச் சுற்றும் டைட்லண்ட்ஸ் தடம் 1.3 மைல்தான், உடம்பைச் சூடாக்கிக்கொள்ளப் போதும். நியூவர்க் ஸ்லூ என்ற கழியோரமாகச் சுற்றிவரும் தடம் சுமார் 5 மைல். நான் அதிகம் ஓடுவது அங்கேதான்.

அதே மார்ஷ்லண்ட்ஸ் ரோட்டில் மேற்கே சுமார் 3 மைல் போனால் பழைய டம்பார்ட்டன் பாலம் இருந்த இடம் வரும். 1927-ல் திறந்தார்கள், வளைகுடாவைக் காரில் கடக்க வந்த முதல் பாலம் அது. இப்போதுள்ள பாலம் 1982-ல் வந்தது. அதன் தெற்கு ஓரத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிப்பாதை உண்டு. அதில் ஏறி மென்லோ பார்க் கரையைத் தொட்டுத் திரும்பினால் 9 மைல் தாண்டிவிடும். பாலத்தின் மேல் லாரி இரைச்சல் காதைப் பிளக்கும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே போக ஆசைப்பட்டால், 84-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு நடைமேம்பாலம் இருக்கிறது. தாண்டினால் அப்பே வே தடம் கயோட்டி ஹில்ஸ் பூங்காவுக்குக் கொண்டுபோய் விடும். அங்கே பேவியூ தடம் 3.5 மைல் சுற்று, தார் போட்டது. கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும், ஆனால் மிஷன் பீக் அளவுக்கு முட்டியை வாட்டாது.

அப்புறம் காற்று. கோடையில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு சூடாக ஆக, கடல்காற்று கோல்டன் கேட் வழியாக உள்ளே இழுக்கப்படும். மதியத்துக்கு மேல் அது வலுத்துவிடும். கரையில் மரமும் இல்லை, மறைவும் இல்லை. போகும்போது எதிர்காற்றில் போய், வரும்போது முதுகில் வாங்கிக்கொண்டு வரும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள். மாற்றிச் செய்தால் கடைசி 4 மைல் தண்டனைதான்.

முட்டிவலி_முனுசாமி
மெதுவோடி தம்பி சேற்றைச் சொல்ல மறந்துவிட்டார். மழை பெய்த மறுநாள் அந்தக் கரை மண் ஷூவில் அப்பிக்கொண்டு ஆளுக்கு அரைக்கிலோ கூடும். வளைகுடாக் களிமண் லேசில் விடாது. மழை நின்று இரண்டு மூன்று நாள் போகட்டும்.

இன்னொன்று, சமதரை முட்டிக்கு நல்லது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. மலைப்பாதையில் ஒவ்வோர் அடியும் வேறு மாதிரி விழும். இங்கே முதல் மைலில் வைத்த அடியையே பத்தாவது மைலிலும் வைப்பீர்கள். பாரம் முழுக்க அதே தசையில், அதே இடத்தில் இறங்கும். கரையின் ஓரங்கள் சரிவாக இருக்கும், நடுவிலேயே ஓடுங்கள். நடுவில் கொஞ்சம் நடங்கள், அதில் ஒன்றும் மானம் போகாது. தண்ணீர் கையோடு வேண்டும். கரையில் இறங்கிவிட்டால் குழாயும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது.

தூத்துக்குடிக்காரன்
எனக்கு ஓட்டமெல்லாம் தெரியாது, நடைதான். ஆனாலும் இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. உப்பளம் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த வரப்புகளில் நடப்பது சொந்த ஊருக்குப் போனது போல. பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பு எடுப்பது என்ற முறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் இங்கே மழைக்காலம் குளிரில் வரும், வெயிலும் நம் ஊர் அளவுக்குக் கிடையாது. அதனால் கடல்நீர் உப்பாக மாறி வெளியே வர ஆண்டுக்கணக்கில் ஆகும்.

விமானம் இறங்கும்போது சிவப்பும் பச்சையுமாகத் தெரிகிறதே, அதைச் சாயக்கழிவு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. கழிவு இல்லை. உப்பு குறைவாக இருக்கும் பாத்தியில் பாசி பச்சையாக இருக்கும். உப்பு ஏற ஏற வேறு பாசியும், உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்களும் பெருகி ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் மாறும். நடுத்தர உப்பில் உப்புநீர் இறால் கொழிக்கும், பறவைக்கூட்டம் அதைத் தேடித்தான் வருகிறது. நியூவர்க்கில் கார்கில் நிறுவனம் இன்றும் உப்பு எடுக்கிறது. வெள்ளையாக மலைபோல் குவித்திருப்பதைப் புதுஓடி தினமும் பார்ப்பீர்களே.

புதுஓடி
அது உப்பா! நான் ஏதோ கட்டுமான மணல் என்று நினைத்தேன்.

நாரை
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் அங்கே பைனாகுலரோடு நிற்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன். மேலே எல்லாரும் தடம், காற்று, சேறு என்று பேசுகிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் அது பூங்கா இல்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

கயோட்டி ஹில்ஸ் பூங்கா. மக்கள் பொழுதுபோக்குவதும் அதை அமைத்ததற்கு ஒரு காரணம். டான் எட்வர்ட்ஸ் அப்படி இல்லை. 1972-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு உயிரினங்களுக்காக ஒதுக்கிய இடம் அது. 1997-ல் வந்த சரணாலயச் சட்டம் ஆறு பயன்பாடுகளுக்கு முன்னுரிமை தருகிறது: வேட்டை, மீன்பிடிப்பு, உயிரினங்களைப் பார்ப்பது, படம் எடுப்பது, சுற்றுச்சூழல் கல்வி, வருபவர்களுக்கு இயற்கையை விளக்கிச் சொல்வது. ஓட்டம் அதில் இல்லை. சைக்கிளும் இல்லை. இவையெல்லாம் சரணாலயத்தின் நோக்கத்துக்கு இடைஞ்சல் இல்லை என்று அதன் மேலாளர் எழுத்தில் தீர்மானித்தால்தான் அனுமதி. அந்தத் தீர்மானத்தையும் 10 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். ஆக, நாம் அங்கே ஓடுவது உரிமையால் அல்ல, ஒப்புதலால்.

அரைமாரத்தான்
ஒரு நிமிடம். வேட்டைக்கு முன்னுரிமை, ஓட்டத்துக்குக் கிடையாதா? துப்பாக்கியோடு வருபவருக்கு ராஜமரியாதை, டி-ஷர்ட்டும் ஷூவும் போட்டு வருபவர் தொந்தரவா? நாரை சார், இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நான் ஓடுகிற வேகத்துக்கு ஒரு வாத்து தலையைக்கூடத் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஆல்விசோவாசி
வேட்டை நிஜம்தான். சரணாலயத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஆல்விசோ பக்கம் குளிர்காலத்தில் விடிகாலையில் வெடிச்சத்தம் கேட்கும். முதல் தடவை கேட்டால் திக்கென்று இருக்கும். குறிப்பிட்ட சில பாத்திகளில், குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் வாத்து வேட்டைக்கு அனுமதி உண்டு. நடைத்தடத்தில் போகிறவருக்கு ஆபத்து என்று நினைக்க வேண்டாம், ஆனால் எந்தப் பாத்தி என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்தப் பக்கம் ஓட ஆசைப்படுபவர்களுக்கு: ஆல்விசோ மரினாவில் தொடங்கி கழியோரமாகப் போய்ச் சுற்றிவரும் தடம் சுமார் 9 மைல். பாதியில் அலுத்துப்போனாலும் குறுக்குவழி கிடையாது, முழுக்கச் சுற்றித்தான் ஆக வேண்டும். அதனாலேயே நீளஓட்டத்துக்கு நல்லது, ஏமாற்ற முடியாது பாருங்கள். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் சேற்றிலிருந்து அழுகிய முட்டை வாடை அடிக்கும். சேற்றுக்குள் பாக்டீரியா செய்கிற வேலை அது, சாக்கடை இல்லை.

ட்ராபிரிட்ஜ் பற்றி யாராவது கேட்பீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சதுப்புக்கு நடுவில் ரயில்பாதை ஓரமாக இருந்த ஊர், 1979-ல் கடைசி ஆளும் போய்விட்டார். இன்று வீடுகள் சாய்ந்து மூழ்கிக்கொண்டிருக்கின்றன. உள்ளே போகத் தடை. ஓடும் தண்டவாளத்தின் மேல் நடந்து போய்ப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்து நீங்களும் கிளம்ப வேண்டாம்.

நாரை
அரைமாரத்தான், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எனக்கும் துப்பாக்கிச் சத்தம் பிடிக்காது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 1934-லிருந்து வாத்து வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் ஒரு கூட்டாட்சி முத்திரை வாங்கியாக வேண்டும், டக் ஸ்டாம்ப் என்பார்கள், இப்போது 25 டாலர். அந்தப் பணத்தில் கிட்டத்தட்ட முழுவதும் ஈரநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. நாடு முழுக்கப் பல சரணாலயங்கள் அந்தக் காசில் வளர்ந்தவை. ஷூ கம்பெனிகளோ மாரத்தான் நடத்துபவர்களோ அப்படி ஒரு ஏற்பாடு செய்ததாகத் தெரியவில்லை. வேட்டையாடாதவர்களும் அந்த முத்திரையை வாங்கலாம். நான் வாங்குகிறேன்.

வாத்து தலையைத் திருப்பவில்லை என்றீர்கள். வாத்து திருப்பாது. அதை விடுங்கள். உங்கள் கண்ணுக்கே தெரியாதவைதான் அங்கே சிக்கலில் இருக்கின்றன.

ரிட்ஜ்வே ரெயில் என்று ஒரு பறவை. நம் ஊர்க் கானாங்கோழியின் உறவு, கோழி அளவு இருக்கும், பறக்கச் சோம்பல், புல்லுக்குள் ஓடியே தப்பிக்கும். அப்புறம் சதுப்பு அறுவடை எலி, கட்டைவிரல் நீளம்தான். இரண்டும் அழியும் நிலையில் உள்ளவை. இவற்றின் வீடு நம் உமரிக்கு உறவான ஒரு உப்புச்செடிப் புதர். சாதாரண நாளில் அந்தப் புதர் தண்ணீருக்கு மேலே நிற்கும், அவையும் உள்ளே பத்திரமாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் கிங் டைடு என்று சொல்லும் பெரிய கடல் ஏற்றம் வரும்போது புதர் முழுக்க மூழ்கிவிடும். அப்போது அவற்றுக்கு ஒதுங்க ஒரே இடம் கரையோரம். நாம் ஓடும் அதே கரை.

அந்த ஒன்றிரண்டு மணி நேரம் அவை வெட்டவெளியில் ஒளிந்துகொண்டு நிற்கும். மேலே பூனைப்பருந்து சுற்றும், கொக்கு கரையில் காத்திருக்கும். நாம் தடதடவென்று ஓடிப்போனால் ஒளிந்திருப்பது பதறி வெளியே வரும், அவ்வளவுதான். நாம் எதையும் மிதிக்க மாட்டோம், எதையும் பார்க்கவும் மாட்டோம். நல்ல ஓட்டம் என்று வாட்ச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவோம்.

இதில் கொடுமை என்னவென்றால், குளிர்காலப் பெரிய ஏற்றங்கள் இங்கே பெரும்பாலும் பகலில்தான் வருகின்றன, அதுவும் காலைப் பொழுதில். உங்கள் நீளஓட்ட நேரமும் அதுதான்.

அரைமாரத்தான்
இந்த எலி விஷயம் எனக்குத் தெரியாது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மக்களை வெளியே நிறுத்தினால் அந்த இடத்தை யார் நேசிப்பார்கள்? வளைகுடாவை முழுக்கச் சுற்றி 500 மைலுக்குத் தடம் போடுவதுதான் பே ட்ரெயில் திட்டம். அதில் ஒரு பகுதி இந்தச் சரணாலயத்துக்குள்ளேயே போகிறது. ஓடுகிறவனும் நடக்கிறவனும் இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வந்து மண்ணைக் கொட்டி அடுக்குமாடி கட்டுவான், கேட்க ஆள் இருக்காது.

மெதுவோடி
இரண்டு பேர் சொல்வதும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கம். இந்த இடமே பொதுமக்கள் போராடி வாங்கியதுதான். வளைகுடாவை நிரப்பி நிலமாக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஃப்ளோரன்ஸ் லாரிவியர் போன்ற சாதாரணக் குடும்பத்தலைவிகளும், சாந்தா கிளாரா மாவட்டத் திட்ட அலுவலர் ஆர்தர் ஓகில்வியும், இன்னும் பலரும் சேர்ந்து அழுத்தம் கொடுத்தார்கள். டான் எட்வர்ட்ஸ் அப்போது இந்தப் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர், சட்டத்தை நிறைவேற்றக் கூட நின்றவர். 1995-ல் அவர் பெயரை வைத்தார்கள். 1988-ல் எல்லையை இன்னும் விரிக்கச் சட்டம் வந்ததும் அதே குழுவின் விடாப்பிடியால்தான். இன்று சுமார் 30,000 ஏக்கர். அவர்களில் யாரும் ஓடுவதற்காக அதைக் கேட்கவில்லை. ஆனால் கரையில் நடந்து பார்த்துப் பழகியிருக்காவிட்டால் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இன்னொரு சேதி, ஓடுகிறவர்களுக்கு நேரடியாகத் தேவைப்படும். 2003-ல் கார்கிலிடமிருந்து 16,500 ஏக்கர் உப்புப்பாத்திகளை 10 கோடி டாலருக்கு வாங்கினார்கள், பெரும்பகுதி தென்வளைகுடாவில். அவற்றை மெல்ல மெல்லச் சதுப்பாகத் திருப்புகிறார்கள். எப்படி? கரையை உடைத்துவிடுவது. கடல் உள்ளே வரும், வண்டலைக் கொட்டும், தரை உயரும், செடி தானே முளைக்கும். கயோட்டி க்ரீக் ஓரம் மூன்று பாத்திகளை 2006-ல் இப்படித் திறந்தார்கள், எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சதுப்பு திரும்பிவிட்டது. நமக்கு என்ன என்றால், பழைய மேப்பில் வட்டமாகத் தெரியும் தடம் இன்று நடுவில் அறுந்திருக்கலாம். செயலியில் எவரோ எப்போதோ பதிந்த பாதையை நம்பிக் கிளம்பாதீர்கள். பார்வையாளர் மையத்தில் இந்த ஆண்டு மேப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

வளைக்கரம்
புதுஓடி கேட்ட ஒரு கேள்விக்கு ஆண்கள் ஒருவரும் பதில் சொல்லவில்லை, கவனித்தீர்களா? தனியாக ஓடும் பெண்ணுக்குச் சரிவருமா என்று கேட்டார்.

நான் பல வருடமாக அந்தப் பக்கம் ஓடுகிறேன். பகலில் பயந்த மாதிரி எதுவும் நடந்ததில்லை. ஆனால் நியூவர்க் ஸ்லூ தடத்தில் வாரநாள் காலையில் ஒரு ஆள்கூடத் தென்படாமல் போகலாம். கால் பிசகினால் காருக்கு வர 2 மைலுக்கு மேல் நொண்ட வேண்டியிருக்கும், உண்மையான கவலை அதுதான். இருக்குமிடம் வீட்டுக்குத் தெரியும்படி போனில் போட்டுவைத்துவிட்டுப் போங்கள். காரில் பை எதையும் வெளியே தெரிய வைக்காதீர்கள். பார்க்கிங்கில் கண்ணாடி உடைப்பது இந்த ஊரின் நோய்.

வார நடுவில் தனியாகப் போவதென்றால் அலமேடா க்ரீக் தடத்துக்குப் போங்கள். நைல்ஸில் தொடங்கி வளைகுடா வரை 12 மைல். தெற்குக் கரை தார்ச்சாலை, எந்நேரமும் நடப்பவர், சைக்கிள், குழந்தைவண்டி. வடக்குக் கரை மண், குதிரைகளும் வரும். அங்கே நம் ஆட்கள் எத்தனை பேர் என்று போனால் தெரியும், இரண்டு மைலுக்குள் மூன்று பேராவது ‘தமிழா?’ என்று கேட்டுவிடுவார்கள்.

புதுஓடி
நன்றி அக்கா, இதுதான் வேண்டியிருந்தது. நாரை சார், நீங்கள் சொன்ன ஏற்றக் கணக்கை எப்படிப் பார்ப்பது? தினமும் மாறுமே. இன்னொன்று, நாயைக் கூட்டிப்போகலாமா?

நாரை
நாயைப் பற்றி முதலில். ஃப்ரீமாண்ட் பக்கம் டைட்லண்ட்ஸ் தடத்தில் மட்டும், கயிற்றோடு. மற்ற கரைகளுக்குக் கூட்டிப்போகக் கூடாது. மனிதனைப் பார்த்தால் அசையாத பறவைகூட நாயைப் பார்த்தால் கூட்டை விட்டு எழுந்துவிடும்.

ஏற்றத்துக்கு அட்டவணை இருக்கிறது, டம்பார்ட்டன் பாலத்துக்கென்றே தனி வரிசை உண்டு. கோல்டன் கேட் நேரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் பொருந்தாது, தண்ணீர் தெற்கே வந்து சேரத் தாமதமாகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிது, அது நம் வீட்டுக் காலண்டரிலேயே இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அந்த நாட்களில் உச்ச ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் சதுப்பை ஒட்டிய கரைக்குப் போகாதீர்கள். அன்றைக்கு கயோட்டி ஹில்ஸ் குன்றிலோ அலமேடா க்ரீக்கிலோ ஓடிக்கொள்ளுங்கள். மாதத்தில் மிஞ்சிப்போனால் சில காலைகள்தான்.

வசந்தம் வந்தால் வேறு கதை. ஸ்னோயி ப்ளோவர் என்ற சின்ன உப்புக்கொத்தி, 1993-லிருந்து பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது, காய்ந்த உப்புப்பாத்தியில் வெறும் தரையில் முட்டையிடும். முட்டையும் மண்ணும் ஒரே நிறம். ஆள் நெருங்கினால் தாய் எழுந்து ஓடும். அந்த இடைவெளியில் காக்கை வகையோ கடற்காகமோ முட்டையைத் தூக்கிவிடும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மார்ஷ்லண்ட்ஸ் ரோட்டில் காரை விடாததற்குக் காரணம் இதுதான். நடப்பவர், சைக்கிள் போகலாம், ஆனால் ரோட்டை விட்டு ஓரத்தில் இறங்கவே கூடாது. ஆல்விசோ பக்கமும் கூடுகட்டும் பருவத்தில் சில தடங்களை அடைப்பார்கள். கயிறு கட்டியிருந்தால் ‘ஒரு நிமிடம்தானே’ என்று தாண்டாதீர்கள்.

அரைமாரத்தான்
கார் இல்லாத 3 மைல் ரோடு, ஐந்து மாதத்துக்கு! நாரை சார், இதை நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டையே போட்டிருக்க மாட்டேன்.

எங்கள் ஞாயிறு குழுவில் இருபது பேருக்கு மேல். ஒன்றாக ஓடினால் பேச்சும் பாட்டுமாக இருக்கும். குழுவை அலமேடா க்ரீக்குக்கு மாற்றலாம் என்று கேட்டுப்பார்க்கிறேன். சரணாலயத்துக்கு இரண்டு மூன்று பேராகப் போனால் போதும். ஆனால் வேட்டைக்கு முன்னுரிமை என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை, அது தனி இழையில்.

நாரை
தனி இழையில் வாருங்கள், நானும் காத்திருக்கிறேன். வரும்போது 25 டாலர் முத்திரையோடு வந்தால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

முட்டிவலி_முனுசாமி
இந்த வயதில் எனக்கு முன்னுரிமை கழிப்பறைக்குத்தான். பார்வையாளர் மையம் திறக்கும் முன்னால் போனால் என்ன வசதி இருக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.

மெதுவோடி
பார்க்கிங் பக்கத்தில் தேடிப்பாருங்கள் அண்ணா. ஆனால் நேரத்தைக் கவனியுங்கள், கேட் விடியலுக்கு முன்னால் திறக்காது, மாலையில் மூடிவிடுவார்கள். உள்ளே கார் மாட்டிக்கொண்டால் கூப்பிட்டுத் திறக்க வைக்கும் வரை கொசுக்கடிதான். புதுஓடி, முதல் தடவைக்கு நியூவர்க் ஸ்லூ ஒரு சுற்று, டைட்லண்ட்ஸ் ஒரு சுற்று, மொத்தம் 6 மைல் சொச்சம். காற்றும் காலும் ஒத்துழைத்தால் அடுத்த வாரம் பாலம்.

புதுஓடி
சரி அண்ணா. அட்டவணையைப் பார்த்தேன், இந்தச் சனிக்கிழமை காலை தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். வளைக்கரம் அக்கா, நீங்கள் வருகிறீர்களா? வேகம் மைலுக்கு 13 நிமிடம், அதற்கு மேல் என்னால் முடியாது.

வளைக்கரம்
13 எனக்கும் தோதுதான். தனிமடல் போடுங்கள்.